மாப்பிள்ளைக்கு ஒரு ஓட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஓட்டுப் போடுவதைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஆண்டின் சிறந்த கால்பந்து வீரரை எங்களைப் போன்ற விளையாட்டு நிருபர்கள்தான் தேர்ந்தெடுக்கிறோம். இன்று மாலையோடு கெடு முடிகிறது.

முதல் வரி இப்படி இருந்தது: ‘மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தபோது அந்த...’ வேண்டாம். இதைத்தான் வாரா வாரம் பத்திரிகையில் எழுதித் தொலைக்கிறேன்.

2

போட்டியில் இரண்டு பேர். ஒருவன் ‘ராக்கெட்’ என்று பெயரெடுத்த முன்கள வீரன், கோலாக அடித்துத் தள்ளுபவன். இன்னொருவர் தடுப்பாட்டக்காரர். முழங்கால் கைவிட்டுவிட்டதால் இதுவே அவருக்குக் கடைசி ஆண்டு. இதுவரை ஒரு விருதும் வாங்கியதில்லை. (ஒருவனுக்கு ‘ன்’, இன்னொருவருக்கு ‘ர்’. கவனித்திருப்பீர்கள். அவர் என் தங்கையின் கணவர்.)

3

ஆட்டம் நடக்கும்போதே நாங்கள் செய்தி எழுதி அனுப்ப வேண்டும். அதனால் பாதி நேரம் மடிக்கணினிக்குள் தலையை விட்டிருப்போம். கூட்டம் கத்தினால் நிமிர்ந்து, “யாருப்பா அடிச்சது?” என்று பக்கத்து ஆளைக் கேட்டு எழுதுவோம். கோல் விழுந்தால் சத்தம் வரும். விழாமல் தடுத்தால் வராது. ஆகவே மாப்பிள்ளையின் ஆட்டத்தை எங்கள் வரிசையில் யாரும் பார்த்ததே இல்லை.

நான் பார்த்தேன். தங்கைக்கு மைதானத்துக்கு வரும் தைரியம் கிடையாது. கால் எப்படி இருந்தது, விழுந்தாரா என்று என்னைத்தான் குடைவாள். அந்தப் பயத்தில் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய்ச் சும்மா நின்றுகொண்டிருப்பார். அசந்துபோனேன்.

4

எங்கள் நிருபர் சங்கச் செயலாளர் போன் செய்தார். வாயில் எதுவும் தங்காத மனிதர். இருவரும் சமமாக நிற்பதாகவும், என் ஓட்டுதான் பாக்கி என்றும் உளறினார். ராக்கெட் பேட்டி கொடுக்காமல் கடுப்பேற்றியதால் பாதிப் பேர் மாப்பிள்ளைக்குக் குத்திவிட்டார்களாம்.

விஷயம் எப்படியோ தங்கை காதுக்கும் போய்விட்டது. நேரே வந்து நின்றாள்.

“அவருக்குப் போடாதண்ணா. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு பேப்பர்ல வரும். மச்சான் புண்ணியத்துல ஜெயிச்சாருன்னு காலம் பூரா சொல்வாங்க.”

தோற்றால் என்ன செய்வார் என்று கேட்டேன். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பிறகு சரியாகிவிடும் என்றாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“நிஜமாவே நல்லா ஆடினாரா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

5

முடிவு அ: ராக்கெட்டுக்குப் போடுகிறேன். நேர்மையானவன் என்று பெயர் கிடைக்கும். பார்த்ததை மறைத்தவன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

முடிவு ஆ: மாப்பிள்ளைக்குப் போடுகிறேன். தங்கை என்னிடம்... (இதை எழுத வரவில்லை.)

முடிவு இ: ஓட்டை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் எங்களுக்குச் சொந்தமில்லை, நியாயமாகப் போடலாம்.

இதுதான் சரி என்று நிம்மதியாகக் கதையை மறுபடி படித்தேன். ராக்கெட் அடித்த ஒரு கோலைக்கூட உங்களுக்குக் காட்டவில்லை. நீங்களும் என் பக்கத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். அவர் ஜெயித்தால் தேவலை என்று லேசாக ஓர் ஆசைகூட வந்திருக்கும். ஆக, நீங்களும் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டீர்கள்.

செயலாளர் மறுபடியும் கூப்பிடுகிறார். என்ன சொல்லட்டும்?