பதுங்கலுக்கு இருபது புள்ளி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா பேசப் பேச நான் எடுத்த குறிப்புகளிலிருந்து வந்தது. கோடு போட்ட நோட்டில் பதினோரு பக்கம். முதல் பக்கத்தின் மேலே 'திருடி கதைக்கு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். நல்ல சரக்கு மாட்டிவிட்டது என்ற சந்தோஷம் அந்த இரண்டாவது கோட்டின் அழுத்தத்தில் இன்னும் தெரிகிறது.

பிழைப்புக்கு நான் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். 'மூடியைத் திறக்கும் முன் டிரம் முழுவதும் நின்றுவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளவும்.' அது என் வாக்கியம்தான். மிச்ச நேரத்தில் சிறுகதை. "என் தம்பி எழுத்தாளர்" என்று அக்கா யாரிடமாவது சொன்னால், "வாஷிங் மெஷின் எழுத்தாளர்" என்று உடனே சேர்த்துக்கொள்வாள்.

தொடக்கங்கள்:

'மதில்மேல் ஒரு நிழல் அசைந்தது.' (வேண்டாம். அந்தத் திருடிக்கு நாடகத்தனமே பிடிக்காது.)

'என் அக்காவுக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே' (தெரியாது என்று முடிக்கப் பார்த்தேன். அவள் என்னைவிட நன்றாக ஆடினாள்.)

'அக்கா இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தாள்.'

சரி, இங்கிருந்து போகலாம்.

2

அக்கா இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். ஒரு கையை வைத்துக்கொண்டு சமைக்க முடியாது, கட்டுப் பிரிக்கும்வரை தம்பி வீட்டில் இருக்கட்டும் என்று மாமாவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பத்தாவது முறையாக நட்டநடுச் சாலையில் வண்டியை அணைத்துவிட்டு முழிப்பவர்களிடம்கூட, "பரவால்ல, மெதுவா மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அக்கா அப்படியே நேரெதிர். சின்ன வயதில் வீட்டில் அவளுக்குப் பெயர் 'தடால்'. கதவைச் சாத்தினால் தடால், குடத்தை வைத்தால் தடால். எதிர்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் வந்து புகாரே கொடுத்திருக்கிறார். ஆனால் என் வீட்டில் அந்த ஐந்து வாரமும் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியவில்லை. திரும்பினால் பின்னால் நிற்பாள். "பேய் மாதிரி வராதக்கா" என்று பலமுறை திட்டியிருக்கிறேன்.

பகலெல்லாம் சும்மா உட்கார முடியாமல் தவித்தாள். மதியம் வேலைக்கு நடுவில் நான் கொஞ்சம் கேம் ஆடுவேன். அரண்மனை, மந்திரவாதி, டிராகன் எல்லாம் உள்ள விளையாட்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு ஆள் செஞ்சு குடுடா."

"யாரா இருக்கணும்? போர்வீரன், மந்திரவாதி, வைத்தியர், திருடி..."

"திருடி."

யோசிக்கவே இல்லை. உடனே சொன்னாள்.

3

ஆளை உருவாக்கும் இடத்தில் இருபது புள்ளி கொடுப்பார்கள். பூட்டுத் திறப்பது, பை அறுப்பது, கத்தி, வில், பேச்சுச் சாமர்த்தியம், பதுங்கல் என்று பிரித்துப் போட வேண்டும். அக்கா இருபதையும் பதுங்கலில் போட்டாள்.

"கத்தியில அஞ்சாவது போடுக்கா. மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

"மாட்டிக்கிட்டா அஞ்சு புள்ளி கத்தி காப்பாத்துமா?"

"கொஞ்சமாவது..."

"கொஞ்சமா எதுத்தா இன்னும் ஜாஸ்திதான் விழும். பதுங்கல்லயே போடு."

பெயர் கேட்ட கட்டத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். விளையாட்டும் அதை ஏற்றுக்கொண்டது. முகம், முடி, காது, தழும்பு என்று அரைமணி நேரம் அலங்கரிக்கலாம். அவள் எதையும் தொடவில்லை. பார்த்தவர் மறந்துவிடும் முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

அவளுக்கு ஒரு கைதான். ஆகவே கன்ட்ரோலரை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். இடது குமிழ் என்னிடம்: திருடியின் கால் நான். வலது குமிழ் அவளிடம்: எங்கே பார்க்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பது அவள் பொறுப்பு. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அம்மா போனபிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது அப்போதுதான்.

(இந்தப் பத்தியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.)

4

நோட்டிலிருந்து சில வரிகள், அப்படியே:

"படியில நடுவுல மிதிக்காத. சுவரோரமா மிதி, அங்கதான் மரம் முனகாது."

"கதவு மூடும்போது கைப்பிடிய அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மூடணும். விட்டா பூட்டு நாக்கு டக்குனு அடிக்கும்."

"இப்ப போகாத. காவக்காரன் கிளம்புற மாதிரி கிளம்பிட்டு மறுபடி வருவான். கோவத்துல இருக்கறவன் ரெண்டு தடவ திரும்பிப் பாப்பான்."

திரையின் கீழே ஒரு கண் இருக்கும். யாராவது நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் அது மெல்லத் திறக்கும். மற்றவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். அக்கா அதைப் பார்க்கவே மாட்டாள். காவல்காரர்களின் காலடியையும் மூச்சையும் கேட்பாள். கோப்பையை மேசையில் எப்படி வைக்கிறான் என்பதிலிருந்து அவன் எழுந்திருப்பானா மாட்டானா என்று சொல்லிவிடுவாள். அவள் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

நான் பிரமித்துப்போய் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்னடா எழுதற?"

"உன் டெக்னிக்கெல்லாம். கதைக்கு ஆகும். எங்கக்கா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"வீட்லதான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, "எழுது. எங்க கத்துக்கிட்டான்னு மட்டும் எழுதாத" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி.

(வாசகருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பாதீர்கள். பாதி புரிந்தது. அந்தப் பாதியைக் கதைக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.)

5

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. பத்திரிகைக்கு அனுப்பினால் ஆசிரியர் நிச்சயம் கேட்பார்: உங்கள் திருடி எதையும் திருடுவதில்லையே?

உண்மைதான். கருவூலத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டோம். பெட்டி பெட்டியாக நகை.

"எடுக்கா!"

"வெயிட்டு. நடந்தா கிலுகிலுங்கும்."

"அப்புறம் எதுக்கு உள்ள வந்தோம்?"

"உள்ள வரலடா. வெளிய போக வழி எங்க இருக்குன்னு பாக்கறோம்."

எல்லா மாளிகையிலும் அதேதான். பின்கதவு, சன்னல், சாக்கடை மூடி. வழியைக் கண்டுபிடித்ததும் அவளுக்கு ஆட்டம் முடிந்துவிடும். "போதும், அணைச்சிடு" என்பாள்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தைய நாள், ஒரு கோட்டையின் படுக்கையறையில் மாட்டிக்கொண்டோம். திரைச்சீலைக்குப் பின்னால் திருடி; அறைக்குள் காவல்காரன். "நகராத" என்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அவன் போவான், வருவான். எனக்கோ ஒரு கையேட்டின் திருத்தம் காத்திருந்தது. போய்விட்டான் என்று நினைத்து என் கட்டைவிரல் குமிழைத் தள்ளியது.

ஒரே வெட்டு. திரை சிவந்தது.

அக்கா கன்ட்ரோலரிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொன்னேன்ல நகராதன்னு. சொன்னேன்ல" என்றாள். திரும்பிப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அய்யோ, கேம்தானேக்கா. பழைய இடத்துலருந்து மறுபடி ஆடிக்கலாம்."

"ம்" என்று எழுந்து போனாள். போன சத்தம் கேட்கவில்லை.

6

மறுநாள் கட்டைப் பிரித்துக்கொண்டு வந்து கொஞ்ச நேரத்திலேயே மாமா வந்துவிட்டார். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. எனக்குப் பிடித்த பிஸ்கட்டை ஞாபகம் வைத்து வாங்கி வந்திருந்தார். டீ குடித்தார்.

"கை சரியாயிடுச்சுல்ல? கிளம்பலாமா?" என்று அவளைக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

[முதல் வரைவு: "அக்கா வரமாட்டா மாமா. இங்கயேதான் இருப்பா" என்றேன்.

இரண்டாம் வரைவு: நான் எழுந்து இருவருக்கும் நடுவில் போய்

மூன்றாம் வரைவு: "உனக்குப் போகணுமாக்கா?" என்று கேட்டேன்.]

மூன்றாவதையாவது வைத்துக்கொள்ள ஆசை. ஒரு கேள்விதானே, கேட்டிருக்கக்கூடியவன்தானே நான்? ஆனால் நடந்தது இது:

"போயிட்டு வாக்கா. எதுனா இருந்தா போன் பண்ணு."

அவள் பையை நான்தான் காரில் வைத்தேன். மாமா என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

7

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, மாமா யாருக்கோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

மதியம் மாமா என் வாசலில் நின்றார்.

"எங்க வச்சிருக்க அவள?"

"யார மாமா?"

நேராக உள்ளே வந்தார். கட்டிலுக்கடியில் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். துணி அலமாரியைத் திறந்து, தொங்கிய சட்டைகளை ஒதுக்கி, பின்பலகைவரை கையால் தட்டிப் பார்த்தார். தேடும் முறையில் பழக்கம் இருந்தது. பிறகு, "சாரி மச்சான், பதட்டத்துல..." என்று வெளியே போனார். நான் கதவைச் சாத்தப் போகும்போது திரும்பி வந்து, சமையலறையை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

சோபாவில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். பதினோரு பக்கத்தையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். எழுதும்போது படிக்கவில்லை.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போய்க் காணவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். ஒரு பெண் காவலர் கணினியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க அக்கா வேற ஸ்டேஷன்ல லெட்டர் குடுத்திருக்காங்க சார். நேர்லயே வந்து குடுத்திருக்காங்க. சொந்த விருப்பத்துலதான் போறாங்களாம். தேட வேணாமாம்."

"எங்க போயிருக்கா?"

"அத சொல்லக்கூடாதுன்னு கேட்டிருக்காங்க." திரையைப் பார்த்துப் படித்தார்: "'நான் இருக்கும் இடம் என் கணவருக்கும் தம்பிக்கும் தெரியக்கூடாது.'" நிமிர்ந்தார். "தம்பி நீங்கதானா?"

"ஆமா."

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

[இங்கே நான் அழுததாக ஒரு வரைவு இருக்கிறது. அழவில்லை. பேனா கேட்டேன். புகாரைத் திரும்பப் பெறக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.]

ஏன் என்னையும் சேர்த்தாள் என்று கொஞ்சநாள் கோபமாகக்கூட இருந்தது. நான் அடித்தேனா, திட்டினேனா? பிறகு புரிந்தது. தெரிந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். மாமா என்னை மிரட்ட வேண்டியதே இல்லை. பிஸ்கட்டோடு வந்து, டீ குடித்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டால் போதும். அக்காவுக்கு என்னைத் தெரியும்.

8

இனி முடிவு.

முதல் முடிவு: தொலைவில் ஓர் ஊருக்கு வேலையாகப் போகிறேன். துணி தைக்கும் கடையில் ஒருத்தி குனிந்து பித்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். நிமிர்கிறாள். "என்னடா இளைச்சுட்ட" என்கி

நிறுத்திவிட்டேன். நான் தற்செயலாகப் போய்ச் சேரக்கூடிய கடைக்கு இன்னொருவரும் போய்ச் சேரலாம்.

இரண்டாவது: போன் அடிக்கிறது. புது எண். எடுத்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும். "அக்கா?" என்கிறேன். இதுவும் கூடாது. எண் என்றால் அதற்கு ஓர் ஊர் இருக்கும்.

மூன்றாவது முடிவில் மாமா திருந்துகிறார். அதை ஒரு பக்கம்கூட என்னால் எழுத முடியவில்லை. நான்காவதில் மாமா செத்துப்போகிறார். அதை நான்கு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.

அவர் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறார். "எதுனா தெரிஞ்சா சொல்லு மச்சான்" என்கிறார். போனமுறை, "அவளப் பத்திக் கதை எழுதறியாமே? வந்தா சொல்லு, படிக்கணும்" என்றார். ஆக, இதை அவரும் படிக்கிறார். நான் எழுதும் எந்த முடிவும் அவர் கைக்குப் போகும். அவளைக் கண்டுபிடிக்கும் முடிவுகளைத்தான் நான் இரண்டு வருடமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் மன்னிக்கும் முடிவுகள், என் கையில் டீயை வாங்கிக் குடிக்கும் முடிவுகள். அத்தனையும் எனக்கு வேண்டியவை. அவளுக்கு வேண்டியது, நான் அவளை மறுபடி பார்க்காத முடிவு.

அதை என்னால் எழுத முடியவில்லை. ஆகவே உங்களிடம் கொடுக்கிறேன். அவளுக்கு ஒரு வீடு கொடுங்கள். மாடியா, தரைதளமா என்பது உங்கள் விருப்பம். ஒரு வேலை கொடுங்கள். காலையில் அவள் எழுந்து, யாரைப் பற்றியும் நினைக்காமல் பாத்திரம் கழுவட்டும். எழுதியதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு வேண்டாம், எனக்கும் அனுப்ப வேண்டாம்.

ஒருவேளை நிஜமாகவே நீங்கள் அவளை எங்காவது பார்த்திருந்தால், என்னிடம் சொல்லாதீர்கள். நான் கேட்பேன். கெஞ்சிக்கூடக் கேட்பேன். சொல்லாதீர்கள்.