தோளில் இருந்த கை

எங்கள் வீட்டு ஹோலில் மாட்டியிருந்த பட்டமளிப்புப் படத்தில் என் கணவர் சற்குணத்துக்கு மூன்று கைகள். இரண்டு அவருடையவை. மூன்றாவது, வலது தோளில் கிடந்தது. அந்தக் கைக்குரிய ஆளைத்தான் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளையின் படம் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். பட்டதாரி என்றால் தொப்பியும் அங்கியுமாகப் போகவேண்டும். இவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு படம். அதில் பக்கத்தில் ஒரு கறுப்பினத் தோழர் நின்றார். “பொம்பிளை வீட்டுக்காரர் இதென்ன பள்ளிக்கூடம் எண்டு கேப்பினம்” என்று, இவர் குளிக்கப்போன நேரம் பார்த்து இவருடைய அக்கா, என் மச்சாள் அன்னபாக்கியம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். ஆளை வெட்டலாம். கையை வெட்டினால் மாப்பிள்ளையின் தோளும் அல்லவா போய்விடும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் சம்மதம் சொன்னேன்.

வெட்டுப்பட்டவர் எல்லிஸ். அமெரிக்காவின் தெற்கில், கறுப்பின மக்களுக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே அறை. இவருக்கு இடம் கொடுத்ததே அந்தப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். எல்லிஸைக் கதவுக்கு வெளியே நிறுத்திய சாப்பாட்டுக் கடைகள் இவரையும் நிறுத்தின. ஞாயிறு தவறாமல் எல்லிஸின் அம்மா இருவருக்கும் சேர்த்துச் சமைத்தார். இதையெல்லாம் என்னிடம் கண் கலங்கச் சொல்வார். ஊராரிடம் மட்டும், “அமெரிக்காவில படிச்சனான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்த பிறகும் அப்படித்தான். தமிழ்ச் சங்கத்து நவரத்தினம் “எந்த யூனிவேர்சிற்றி அண்ணை?” என்று கேட்டால், உடனே என்னைத் தேத்தண்ணி போடச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

1988இல் எல்லிஸ் ஒரு மாநாட்டுக்காக ஆக்லாந்து வந்தார். அப்போது அவர் நீதிபதி. அந்தப் பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசும்போது முதலில் வருவது அவர் பெயர்தானாம்.

“சனிக்கிழமை சாப்பிட வாறான்” என்று துள்ளிக் குதித்த மனிதர், சுவரைப் பார்த்ததும் வாடிப்போனார்.

“இஞ்சாரும், அந்தப் படத்தை ஒருக்கா உள்ளுக்கு எடுத்து வையும்.”

“மாட்டினது நீங்கள். கழட்டுறதும் நீங்களே கழட்டுங்கோ.”

கழற்றி அலுமாரிக்குள் உடுப்புகளுக்குப் பின்னால் வைத்தார். அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை.

எல்லிஸ் தலை நரைத்து, நெடுநெடுவென்று வந்தார். நண்டுக் கறியைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். “இவன்தான் பழக்கினான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

“நம் படம் என் அலுவலகத்தில் தொங்குகிறது. என்னைக் கணக்கில் பாஸாக்கியவன் இவன்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். உன்னுடையது எங்கே?”

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் கொழும்பு வீடு எரிந்தது உண்மை. படமும் அதோடு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எவரும் நம்புவார்கள். படம் யாழ்ப்பாணத்தில் என் அம்மா வீட்டிலேயே இருந்ததால் தப்பியது எல்லிஸுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொய் இவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டதைக் கண்டேன்.

இவர் எழுந்து உள்ளே போனார். படத்தோடு வந்து எல்லிஸின் கையில் கொடுத்தார்.

எல்லிஸ் நெடுநேரம் பார்த்தார். “யார் வெட்டியது?”

“அக்கா. எனக்குப் பெண் பார்ப்பதற்காக. ஆனால் அதை இத்தனை வருஷமாகச் சுவரில் மாட்டி வைத்திருந்தது நான்” என்றார்.

“என் அம்மா உனக்குச் சோறு போட்டாள்” என்றார் எல்லிஸ். அவ்வளவுதான். இவர் அழுதார். நான் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று இருந்துவிட்டேன்.

போகும்போது எல்லிஸ் படத்தை எடுத்துக்கொண்டார். “இது என்னிடம் இருக்கட்டும். முழுப் படம் அனுப்புகிறேன். மாட்டுவது உன் விருப்பம்.”

சொன்னபடி அனுப்பினார். அது வந்த அன்றே இவர் மாட்டினார். அடுத்த முறை வந்த நவரத்தினம் அதன் முன்னால் போய் நின்றார்.

“ஆரண்ணை பக்கத்தில?”

“எல்லிஸ். எங்கட யூனிவேர்சிற்றியில படிச்ச பெரிய ஆக்களில முதலாவது ஆள். கறுப்புச் சனத்துக்கெண்டு தொடங்கின யூனிவேர்சிற்றி. எனக்கு வேற ஒருத்தரும் கதவு திறக்கேல்லை.” இந்த முறை அவர் தேத்தண்ணி கேட்கவில்லை.

நவரத்தினம் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“அப்ப பழைய படத்தில தோளில கிடந்தது இவரின்ர கையோ? நான் இவ்வளவு நாளும் உங்கட கூடப்பிறந்த அண்ணன்ர கையெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”