குதிரைக்குக் கண் திறந்தவன்

வில்லாபுரம் முத்திருளனுக்கு நாடகத் திரை எழுதத் தெரியும், சேலைக் கரைக்குப் பூ போடத் தெரியும், பஸ்ஸில் பெயர் எழுதத் தெரியும், நோட்டீஸுக்கு மர அச்சு வெட்டத் தெரியும். அதனால்தான் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் எதில் நிலைப்பான் என்று கேட்டு, போன இடத்திலெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். உசிலம்பட்டித் தாய்மாமன் உக்கிரபாண்டியோ, தைக்குள் ஓர் உத்தியோகம் இல்லையென்றால் மகள் சின்னத்தாயை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

கடைசியாகப் பழங்காநத்தத்தில் குதிரை மார்க் சோடாக் கம்பெனி நடத்திய சங்கிலி என்பவரிடம் போனான். என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

"கண்ணு தெறப்பேன் மொதலாளி. கோயில் மண்குதிரைக்குக் கடைசியாக் கண்ணு வைப்பாகள்ல, அது. வேற ஒண்ணுந் தெரியாது."

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். வேறொன்றும் தெரியாதவன் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும்! அன்றே நாற்காலி போட்டார். லேபிளில் குதிரை வரைய ஓர் ஆள், வால் வரைய ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார்கள். முத்திருளன் கண்ணை மட்டும் வைத்தான். வால் கோணலாக இருந்தது. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. முறைப்படி கண் திறந்துவிட்டால் அது சாமி குதிரை. அதை வாயில் வைத்து எச்சில் பண்ண எவன் துணிவான்? ஜனங்கள் பாட்டிலுக்கு மாலை போட்டுப் பொங்கல் வைத்தார்கள். சோடா விற்றது, ஆனால் மறுபடி நிரப்பக் காலிப் பாட்டில் ஒன்றும் திரும்பவில்லை.

சங்கிலி தலையில் கை வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணை மூட முடியுமா என்று கேட்டார். ஒரு கோடு இழுத்தால் போதும். ஆனால் இழுத்தால் முத்திருளன் இரண்டு வேலை தெரிந்தவனாகிவிடுவான். உத்தியோகமும் போகும், சின்னத்தாயும் போய்விடுவாள்.

"அது தனித் தொழிலு மொதலாளி. அதுக்கு வேற ஆளுதேன் பாக்கணும்."

முதலாளி அலைந்து திரிந்து பேயாண்டி என்பவரைக் கொண்டுவந்தார். அவருக்குக் கண் மூடுவது தவிர வேறொன்றும் தெரியாதாம். அன்று முதல் முத்திருளன் திறந்தான், பேயாண்டி மூடினார். பாட்டில்கள் திரும்பி வந்தன. பேயாண்டி தூரிகை பிடித்த விதத்திலேயே எல்லா வேலையும் தெரிந்தவர் என்று முத்திருளனுக்குப் புரிந்தது. கண்டும் காணாததுபோல் அடுத்த லேபிளை அவர் பக்கம் நகர்த்தினான்.

தையில் கல்யாணம் நடந்தது. மறுவாரமே முத்திருளன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்சுவர் முழுக்க ஆசை தீர வரைந்தான். யானை, மயில், வால் கோணாத குதிரை. யாரும் வந்துவிடாமல் சின்னத்தாய் வாசலில் காவல் இருந்தாள். முடிந்ததும் உள்ளே வந்து பார்த்தாள். ஒன்றுக்கும் கண் இல்லை.

"கண்ணு வைக்கலையா மச்சான்?"

"அது சம்பளத்துக்குப் பாக்குறது புள்ள," என்றான். "இது நமக்கு."