பூட்டிய மெமரி கார்டு

பெயின்ட் கலக்கும் தொட்டிக்குள் ஏணியில் இறங்கும்போதும் ஃபிட்டர் கிண்டலை விடவில்லை. மேலே நின்ற எலக்ட்ரானிக்ஸ்காரன் அவர் மனைவியின் தம்பி.

"மச்சான், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரை நம்பி இறங்குறேன். ஏதாவது ஆச்சுன்னா உங்க அக்கா உன் தோலை உரிச்சிடுவா. மெயினை அணைக்கலாமில்ல?"

"அணைச்சா எல்லாத் தொட்டியும் நின்னுடும் மாமா. இதுக்கு மட்டும் 'ஓடாதே'ன்னு பதிஞ்சு வெச்சிருக்கேன். என் பெட்டி உங்களை மாதிரி இல்ல, சொன்ன பேச்சு கேக்கும்."

அவர் சிரித்தபடி அடியில் போய், பெயின்ட்டைக் கலக்கும் துடுப்புகளில் காய்ந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கினார்.

தொட்டிகளின் மோட்டார்களை ஓட்டும் அந்தப் பெட்டி அவனுடைய கைவேலை. தூசி புகாத இரும்புக் கூடு, அதிர்வைத் தாங்கும் ரப்பர். கரன்ட் போகும்போதெல்லாம் உள்ளிருந்த மெமரி கார்டு கெட்டுப்போனதால், புதிதாக எதுவும் பதியாதபடி போன வாரம்தான் அதைப் பூட்டினான். இனி எத்தனை முறை கரன்ட் போனாலும், பூட்டிய நாளில் இருந்தபடியே அது விழித்துக்கொள்ளும்.

விளக்குகள் அணைந்தன. உடனே திரும்பி எரிந்தன.

"உன் கரன்ட் கண்ணடிக்குதுடா!" என்றார் தொட்டிக்குள்ளிருந்து.

அவன் சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். இன்று பதிந்த 'ஓடாதே' பூட்டிய கார்டில் ஏறவே இல்லை, கரன்ட்டோடு அழிந்துவிட்டது; பூட்டிய நாளில் அது இல்லை. அன்று இந்தத் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, மேல ஏறுங்க! சீக்கிரம்!"

"என்னடா அவசரம்? இன்னும் ஒரு துடுப்புதான்..."

மெயின் சுவிட்ச் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. அவன் ஓடினான். பாதி வழியில், முதுகுக்குப் பின்னால் மோட்டார் மெல்ல உறுமத் தொடங்கியது. சுரண்டும் சத்தம் நின்றுபோனது.