நாலு சிலிண்டரில் வீட்டுக்கு

பிக்கப்பின் முன்சீட்டைப் பாதி சாய்த்து, கணவரின் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டாவது தலையணையைச் செருகினாள் அவள். தார்ச்சாலை அந்த இடத்தோடு முடிந்திருந்தது. மேலே வீடு வரைக்கும் ஆறு கிலோமீட்டர், இரண்டு நாள் மழையில் ஊறிய மண்பாதை. ஆம்புலன்ஸ் டிரைவர் அதை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என் வண்டி இதுல ஏறாதும்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுவரைக்கும் குலுங்காம கொண்டுவந்தீங்களேண்ணா, அதுவே பெரிய உபகாரம்."

இன்றைய பொழுது தாண்டினாலே அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான், வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அதிகாலையிலேயே தன் பிக்கப்பை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

அந்த பிக்கப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மெக்கானிக், முப்பது வருஷமாக மலைவண்டிகளின் வயிற்றைத் திறந்து பார்த்தவர். ஆறு சிலிண்டருக்குக் குறைந்த எதுவும் அவர் கணக்கில் வண்டியே இல்லை. அவள் மேலே நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரையும் கேட்காமல் இதை வாங்கிவந்தாள், சின்ன நாலு சிலிண்டர், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்தது. அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய வண்டிக்குள்ள தையல் மெஷினை யாரு வச்சது?" என்றார். பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் இருபது மூட்டை உரத்தை ஏற்றிக்கொண்டு மலை ஏறினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு இருந்ததோ இல்லையோ, இந்தச் சண்டை இருந்தது. சின்ன எஞ்சின் கழுத்து நரம்பு புடைக்க இழுக்கும், சீக்கிரம் செத்துப்போகும் என்பார் அவர். முன்பக்கம் கனமில்லை, சேற்றில் புதையாது என்பாள் அவள். அவருடைய ஆறு சிலிண்டர் ராஜாவோ எட்டு மாதமாக எஞ்சினைப் பிரித்துப்போட்டபடி கொட்டகையில் கிடந்தது. பிரித்த கை நோயில் விழுந்துவிட்டது. அவள் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. செத்த பாம்பை அடிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

முதல் ஐந்து கிலோமீட்டரை முட்டைக்கூடை ஏற்றியவள்போல ஓட்டினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார். அவர் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் அவள் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டது. ஓடையைக் கடந்து செங்குத்தான வளைவில் ஏறும்போது வண்டிக்கு மூச்சு இறங்கியது. உடம்பு உதறியது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைத் தோண்டின. அப்புறம் ஆஃப் ஆகிவிட்டது.

மேலே மரங்களுக்கு நடுவில் வீட்டுக் கூரை தெரிந்தது. கூரையைக் காட்டிவிட்டு இங்கேயே, இந்தச் சேற்றிலா? அதுவும் அவள் பிடிவாதமாக வாங்கிய வண்டியாலா? அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னதுதான் சரி. இது மலைக்கு ஆகாது."

அவர் கண்ணைத் திறந்தார். "யாரு சொன்னா?"

"நீங்கதான். மூணு வருஷமா."

"நான் ஆயிரம் சொல்வேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ என்னைப் பாத்து ஓட்டுற. வண்டியக் கேட்டு ஓட்டு. ஓடை வரைக்கும் பின்னால எடு. லோ கியர் போடு. ஆர்.பி.எம். முள்ளை ரெண்டாயிரத்துக்குக் கீழ விடாத. அதுக்குக் கீழ இதுக்கு மூச்சே இல்ல. மேல வச்சுப் பாரு, யானை."

"நீங்க இத ஒரு நாள்கூட ஓட்டினதில்லையே. ரெண்டாயிரம்னு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் நீ ஏறி வர்றது வீட்டுக்குக் கேக்குமே. இந்த வளைவத் தாண்டுற சத்தம் கேட்டப்புறம்தான் உள்ள போவேன்."

மூன்று வருஷமாக அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மனிதர் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தலையைக்கூடத் தூக்கமாட்டார். அவள் அதற்கும் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படி ஒரு மனிதனோடு வாழக் கொடுத்துவைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

"வேகமாப் போனா குலுங்குமே. வலிக்குமே."

"வலிக்கட்டும். வீட்டுக்குப் போ."

பின்னால் எடுத்தாள். லோ கியர் போட்டாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டு ஏறியது. சேறு கண்ணாடிவரை தெறித்தது. அவர் ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினார். அவள் காலை எடுக்கவில்லை. வளைவு முடிந்து முன்சக்கரங்கள் சமதளத்தில் இறங்கின.

"ம். பரவால்ல. இழுக்குது," என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ரொம்ப நன்றிங்க."

"ஓட்டினது நீ. நன்றி எனக்கா?" என்றார். சற்றுப் பொறுத்து, "நான்தான் சொல்லணும்," என்றார்.

முற்றத்தில் போய் நிறுத்தினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் மகள் படுக்கையைத் தட்டிப் போடுவது தெரிந்தது. அவள் சாவியைத் தொட்டாள். அவர் கை வந்து அவள் கைமேல் விழுந்தது.

"உடனே அணைக்காத. ஏறின சூடு. டர்போ ஆறணும். ரெண்டு நிமிஷம் ஓடட்டும்."

"சரிங்க."

இருவரும் வண்டியிலேயே இருந்தார்கள். கறுப்புப் பைகளில் வரிசையாக நாற்றுகள் நனைந்து நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஈரக் காற்றை இழுத்துவிட்டார். வந்தாச்சு என்று சொல்ல அவள் திரும்பினாள். அவர் மார்பு அடுத்த முறை எழவில்லை.

மகள் போர்வையோடு ஓடிவந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். போர்வையை அப்பாமேல் போர்த்தினாள். பிறகு மெதுவாக, "அம்மா, வண்டிய அணைச்சிடட்டுமா?" என்றாள்.

"வேணாம்," என்றாள் அவள். "இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகல."