இடம் மாறிய காயங்கள்

ரம்பம் முதன்முதலாக மைக் முன்னால் நின்று கத்திய ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அவளுடைய அக்காவின் இடது கண்ணுக்குக் கீழே நான்கு நாளாகக் கன்றியிருந்த காயம் அங்கிருந்து கிளம்பி அக்கா புருஷனின் முகத்தில் போய் உட்கார்ந்தது. படுத்திருந்தவன் எழுந்தபோது ஒரு கண் திறக்கவில்லை. அக்கா கண்ணாடியைப் பார்த்தாள், பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ரம்பம் மெத்தைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் ஓட்டினாள். அவள் குரலுக்கு அங்கே வைத்த பெயர்தான் ரம்பம். பாட்டும் கிதாரும் அவள், டிரம்ஸ் அடித்தவள் நர்ஸ், பேஸ் கிதார் வாசித்தவள் பஸ் டிரைவர். மூவரும் பங்க் ராக் என்று சொல்லிக்கொண்டு, ‘சோத்துல உப்பில்ல’, ‘கையை எடு’ என்று ஒன்றரை நிமிடப் பாட்டுகளாகப் போட்டு உடைத்தார்கள். இரண்டு வருடத்தில் கச்சேரிக்கு நீளக் கை ரவிக்கையோடு வந்த பெண்கள் எத்தனையோ பேர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். தொழிற்சாலை மேஸ்திரி கழுத்தில் ஐந்து விரல் தடத்தோடு வேலைக்கு வந்தார். ரம்பத்தின் சொந்தக் காயங்கள் மட்டும் அவள் குரலுக்கு அசையவில்லை.

ஒருநாள் அக்கா மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். “நிறுத்திடுடி. நீ கத்தக் கத்த அவரு இன்னும் அடிக்கிறாரு.”

“வலி போகுதுல்ல?”

“வலி போகுது. பயம் போகலியே.”

ரம்பத்துக்கு நிறுத்த மனமில்லை. மறுபடி ஒருதடவை முகம் வீங்கியதும் அக்கா புருஷனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இரும்புக் குழாயோடு ஒத்திகைக் கொட்டகைக்கு வந்தான். டிரம்ஸைக் கிழித்தான். பிறகு ரம்பத்தின் தாடையில் இரண்டு போடு போட்டான். “இப்பக் கத்துடி,” என்று அவசரமில்லாமல் சொன்னான். அவள் இரண்டு பல்லை உள்ளங்கையில் துப்பினாள்.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். குழல் வழியாகக் கஞ்சி குடித்தாள். ஆத்திரம் போக வழியில்லாமல் சுவரைக் குத்தி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ஒப்புக்கொண்ட கச்சேரியை மட்டும் விடவில்லை. நர்ஸ் தண்ணீர் பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு அடித்தாள், ரம்பம் கிதாரை அறுத்து வாசித்தாள், மைக் சும்மா நின்றது. தோள்பையைக்கூட இறக்காமல் அக்கா மேடையேறினாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் பதினோரு வருடமாக விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கீழே கொட்டின. ரம்பத்தின் வாய்க்குள் கம்பி நெகிழ்ந்தது, ஈறில் இரண்டு பல் முட்டிக்கொண்டு வந்தன. அதே நேரம் முடிதிருத்தும் கடை நாற்காலியில் இருந்த அக்கா புருஷனின் தாடை இடப்பக்கமாகக் கழன்று தொங்கியது. கடைக்காரர் கத்தியை மடக்கி வைத்துவிட்டு நுரைக் கிண்ணத்திலிருந்து இரண்டு பல்லைப் பொறுக்கிக் கொடுத்தார்.

“தொண்டை எரியுது, தண்ணி குடு,” என்றாள் அக்கா. குடித்துவிட்டு, “இன்னொண்ணு பாடலாமா?” என்று கேட்டாள். அன்று அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி முடிந்த திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் கூடுதலாக ஆறு கட்டில் போட உத்தரவாயிற்று. காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில் டாக்டர் ‘பாட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.