கேரியர் மேல் பெட்டி

பிச்சையா தென்காசியில் வாசனைச் சாமான் வியாபாரி. சோப்பு, சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, ரிப்பன், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டி சைக்கிளின் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு புளியங்குடி, வாசுதேவநல்லூர் வரைக்கும் போய் விற்றுவருவான்.

பின்னால் இருந்த கேரியர் அவன் மனைவி முத்துவடிவுக்கு உரியது. சாரல் விழத் தொடங்கியதும் அவளை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவான். கீழப்பாவூரில் இருந்த அவளுடைய அப்பா செல்லச்சாமியைப் பார்க்கவும் அப்படித்தான் போவார்கள். ஊர் எல்லை தாண்டும்வரை அவள் தலையைக் குனிந்துகொண்டு வருவாள். வீடுகள் மறைந்ததும் நிமிர்ந்து பேச ஆரம்பிப்பாள். வீட்டுக்குள் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. அடுப்பில் பால் பொங்கியதிலிருந்து அடுத்த வீட்டுச் சண்டை வரைக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வருவாள். அவன் “ம்” போட்டுக்கொண்டு மிதிப்பான்.

யுத்த காலம். சீமைச் சாமான் வரத்து குறையக் குறைய, கையில் இருந்ததற்குக் கிராக்கி ஏறியது. பிச்சையா கொண்டுபோனதெல்லாம் விற்றது. துணிப்பை போதவில்லை, எண்ணெய்ப் பாட்டில்கள் வேறு ஒன்றோடொன்று மோதி உடைந்தன. கேரியருக்கு நல்லதாக ஏதாவது வாங்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, ஆனி மாதம் ஒரு காலையில் முத்துவடிவையும் கூட்டிக்கொண்டு ஒலி முகம்மதுவின் சைக்கிள் கடைக்குப் போனான்.

ஒலி முகம்மது மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். ஒரு ஜோடி தோல் பை, முரட்டுக் கித்தான் துணியில் தைத்த ஒரு ஜோடி பை, தகரம் அடித்த மரப்பெட்டி ஒன்று. தோல் இந்த ஊர் மழைக்கு ஆகாது என்று அவரே அதை ஒதுக்கிவிட்டார்.

முத்துவடிவு கித்தான் பையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பைகளையும் அகலமான வார் ஒன்று இணைத்திருந்தது.

“இது ரெண்டு பக்கமும் தொங்கும். மேல எடம் அப்படியே இருக்கும்லா?” என்றாள்.

“நனைஞ்சா சோப்பெல்லாம் கரைஞ்சு போவுமே” என்றான் பிச்சையா.

“மெழுகு பூசின கித்தான் அண்ணாச்சி. சாரலுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார் ஒலி முகம்மது.

பிச்சையாவின் கண் பெட்டியிலேயே இருந்தது. அதன் முன்பலகையைக் கீழே இறக்கினால் அதுவே ஒரு தட்டாக நின்றது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். புளியங்குடிச் சந்தைப் பக்கம் சைக்கிளை நிறுத்திப் பலகையை இறக்கினால் அது கடைதான். பையைத் துழாவிச் சாமான் எடுக்கிறவனை யாரும் வியாபாரி என்று மதிப்பதில்லை என்ற குறை அவனுக்கு ரொம்ப நாளாக உண்டு.

“பெட்டிய வச்சா நான் எங்கன உட்காருதது?” என்று முத்துவடிவு மெதுவாகக் கேட்டாள்.

“ஒனக்கு பஸ் இருக்கு, ரயிலு இருக்கு. சைக்கிள் வியாபாரத்துக்குல்லா.”

கடைக்காரர் முன்னால் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் கித்தான் பையை இருந்த இடத்தில் வைத்து, வாரை நீவி மடக்கிவிட்டாள்.

வேண்டும்போது கழற்றுகிற மாதிரி கொக்கி வைத்துத் தருகிறேன் என்று ஒலி முகம்மது சொன்னார். கொக்கி என்றால் சந்தையில் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பிச்சையா போல்ட்டுப் போட்டே முறுக்கச் சொன்னான்.

வியாபாரம் அவன் நினைத்தபடியே நடந்தது. பெண்கள் பெட்டியைச் சூழ்ந்து நின்று கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். அந்த வருஷச் சாரலுக்கு முத்துவடிவு குற்றாலம் போவோம் என்று கேட்கவில்லை. ஆடியில் தெருப் பெண்களோடு வண்டியில் போய்க் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். அவள் குறை தீர்ந்தது என்று பிச்சையா நிம்மதியாக இருந்தான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோர்ட்டு வேலையாகத் தென்காசி வந்த கீழப்பாவூர்க்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஒங்க அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்மா. ஒன்னியத்தான் கேக்காக. ஒடனே பொறப்படு.”

காலை ரயில் போயிருந்தது, அடுத்தது சாயங்காலம்தான். பெட்ரோல் இல்லாத காலம், கரியில் ஓடுகிற பஸ் எங்கேயோ வழியில் நின்றுவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். விசாரிக்கப் போன பிச்சையா வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்து பெட்டியில் இருந்த சாமானை எல்லாம் தரையில் கொட்டினான்.

“முன்னால கம்பியில உட்காருதேன்” என்றாள் முத்துவடிவு.

தெருவே பார்க்க, கம்பியில் ஏறி உட்கார்ந்தாள். பழக்கமில்லாதவள், பின்னால் பெட்டியின் கனம் வேறு. முனை திரும்புவதற்குள் இருவரும் விழுந்தார்கள். அவள் முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது.

பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று அவன் குனிந்தான். மழையில் நனைந்து நனைந்து போல்ட்டுகள் துருவேறிப்போயிருந்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒலி முகம்மதுவின் கடைக்கு ஓடினார்கள். ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. பிச்சையா ஒரு கல்லை எடுத்துப் போல்ட்டை அடித்தான். தகரம்தான் நெளிந்தது. அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் நடக்கேன். நீங்க கழத்திட்டு வாங்க.”

“ஏட்டி, நில்லு. இந்தா இப்ப வந்துருவாரு...”

அவள் நிற்கவில்லை.

தொழுகை முடிந்து வந்த ஒலி முகம்மது ஒரு வார்த்தை கேட்காமல் இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துப் போல்ட்டுகளை அறுத்தார். பெட்டியைத் தெருவில் போட்டுவிட்டு பிச்சையா மிதித்தான். ஊரை விட்டு வெகுதூரம் போன பிறகே புளியமரங்களுக்கு நடுவில் அவள் தெரிந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தியதும் ஏறிக்கொண்டாள். கீழப்பாவூர் வரைக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, அவள் இருக்கிறாளா என்று நிச்சயப்படுத்திக்கொண்டான்.

தெருவுக்குள் நுழையும்போதே அழுகை கேட்டது.

அவள் தம்பி சங்கிலிப்பாண்டி ஓடிவந்து பிச்சையாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “ஏன் அத்தான் இவ்வளவு நேரம்? இப்பத்தான் அடங்கிச்சு. முத்துவடிவு வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாக.”

பிச்சையா வாயைத் திறந்தான். அதற்குள் முத்துவடிவு முந்திக்கொண்டாள்.

“பஸ் வரலடா தம்பி. அத்தான் என்ன செய்வாக.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பாவின் காலடியில் விழுந்தாள். இல்லை, என்னாலதான் என்று அந்த இடத்தில் பிச்சையா சொல்லியிருக்கலாம். எல்லாரும் பஸ்காரனை ஏசினார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

காரியமெல்லாம் முடிந்து, சைக்கிளைக் கீழப்பாவூரிலேயே விட்டுவிட்டு, தென்காசிக்கு ரயிலில் திரும்பினார்கள். அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பிச்சையா மெதுவாகச் சொன்னான்.

“அன்னைக்கு ஓம்பேச்சக் கேட்டிருக்கணும். எம்புத்தி அப்படிப் போச்சு.”

“பரவால்லங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருந்தது.

கொஞ்சம் கழித்து அவளே பேசினாள். “அப்பா சும்மா கூப்பிட மாட்டாக. என்னமோ சொல்லணும்னுதான் தேடியிருக்காக. தம்பிகிட்ட கேட்டுப் பாத்தேன், அவன்கிட்டயும் சொல்லல. என்னவா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்.”

அவள் முழங்கையில் புண் ஆறிப் பொருக்குத் தட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கப் பிச்சையா கை நீட்டினான். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வயல்களைப் பார்த்தாள்.